முந்நூற்று நாற்பத்தாறு பொட்டு

பெலிக்ஸ் அடித்தால் ஒரே அடிதான் என்று கட்டுமாவடியில் பெருமையாகச் சொல்வார்கள். சுத்தப் பொய். நான் பார்த்தவரை அவன் ஒரு அடியோடு நிறுத்தியதே கிடையாது. படியில் நிற்காதே என்று சொன்ன பாவத்துக்கு ஒரு பஸ் கண்டக்டரின் தோள்பட்டை எலும்பை ஒடித்தான். சொந்த மச்சானுக்கு முன்பல் இரண்டு போயின. ஐஸ் பிளாண்ட் வாசலில் ஒரு லாரி டிரைவரை அடித்தபோது, அந்த ஆள் கீழே விழுந்து கும்பிட்ட பிறகும் அடித்தான். வீட்டிலும் அடித்தான். அவன் பெண்டாட்டி அன்புச்செல்விக்கு இன்றைக்கும் இடது காது சரியாகக் கேட்காது. அவனைப் பற்றிச் சொல்ல உட்கார்ந்துவிட்டு இதை மறைத்தால் என் நாக்கு அழுகிவிடும்.

நான் பிரகதீஸ்வரி. கட்டுமாவடி முக்கில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறேன். என் கடையை ஒட்டிய தகரக் கொட்டகைதான் பெலிக்ஸின் வெல்டிங் பட்டறை. ஜெகதாப்பட்டினத்து விசைப்படகுகளுக்குப் புகைக்குழாய் செய்துதான் தொழில் பழகினான். அப்புறம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பையன்கள் காரை விரட்ட ஆரம்பித்தார்கள். சத்தம் வேண்டும், இழுவை வேண்டும் என்று சைலன்சரை மாற்ற அவனிடம் வந்தார்கள். வேலை சுத்தமாக இருக்கும். வாய்தான் சாக்கடை. மட்டமான குழாயைக் கொண்டுவந்து மாட்டச் சொன்னால் அதைப் பிடுங்கி நடுரோட்டில் எறிவான். எதிர்த்துப் பேசினால் ஆளையும் எறிவான்.

லாரி டிரைவர் கேஸில் போலீஸ் அவனை அறந்தாங்கியில் கோட்டாட்சியர் முன்னால் நிறுத்தியது. ஒரு வருஷத்துக்கு யார் மேலும் கை வைக்க மாட்டேன், வைத்தால் மிச்ச நாளை ஜெயிலில் கழிக்கிறேன் என்று நன்னடத்தைப் பத்திரம் எழுதிக் கொடுத்தான். ஜாமீன் கையெழுத்துப் போட ஊரில் ஒரு நாதியில்லை. நான்தான் போட்டேன். அவனுக்காக இல்லை, அன்புச்செல்வி கேட்டாள் என்பதற்காக. அவள் அப்போதே மகளைக் கூட்டிக்கொண்டு ஜெகதாப்பட்டினத்தில் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டிருந்தாள்.

"ஒரு வருஷம் அந்தக் கை யாரு மேலயும் படாம இருக்கட்டும்க்கா. அன்னைக்கு வாரேன். ஒரு நாளு கொறஞ்சாலும் வரமாட்டேன்னு சொல்லிருங்க" என்றாள்.

சொன்னேன். பெலிக்ஸ் பட்டறைச் சுவரில் சாய்த்து வைத்திருந்த பழைய படகுக் குழாய் ஒன்றை இழுத்துப் போட்டு, அதன் மேல் வெல்டிங்கில் ஒரு பொட்டு வைத்தான். அதிலிருந்து தினமும் பட்டறையைச் சாத்துவதற்கு முன்னால் ஒரு பொட்டு.

ஊர் சும்மா இருக்குமா? பத்திரம் விஷயம் தெரிந்ததும் பழைய பாக்கி தீர்க்க ஆட்கள் வந்தார்கள். முன்பல் போன மச்சான் டீக்கடையில் வைத்து நாலு பேர் பார்க்க அவன் முகத்தில் துப்பினான். "அடிறா, அடி பாப்போம்" என்று கன்னத்தைக் காட்டினான். பெலிக்ஸ் பட்டறைக்குத் திரும்பி வந்து, இரும்பைக் கவ்விப் பிடிக்கிற வைஸில் இடது கையை வைத்து வலது கையால் முறுக்கினான். நான் ஓடிப்போய்த் தளர்த்துவதற்குள் இரண்டு நகம் கறுத்துவிட்டது. அன்றைய பொட்டை ரத்தக் கையோடுதான் வைத்தான். நான் அழுதேன். கோபத்தில்தான் அழுதேன், பாசத்தில் இல்லை.

ஆனால் ஒன்றை நானும் கவனிக்கத் தவறிவிட்டேன். கோபம் வந்துவிடக்கூடாது என்ற பயத்தில் அவன் எல்லாவற்றுக்கும் சரி என்று சொல்லப் பழகிவிட்டான். மட்டமான சாமான் கொண்டுவந்தாலும் சரிங்க. அவசரமாக மாட்டு என்றாலும் சரிங்க. நல்லவன் ஆகிவிட்டான் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பொட்டு முந்நூற்று முப்பதைத் தாண்டியிருந்த சமயம் சல்மான் வந்தான். கோட்டைப்பட்டினத்துப் பையன். கத்தாரில் ஆறு வருஷம் இருந்துவிட்டு வந்து மீன் ஏற்றுமதி பண்ணுகிறான். டர்போ வைத்த பெட்ரோல் கார் வைத்திருந்தான். டர்போவின் வாயிலிருந்து கீழே இறங்கும் முதல் குழாயை, அதுதான் டவுன்பைப், மாற்ற வேண்டும் என்றான். கம்பெனிக் குழாய்க்குள் தேன்கூடு மாதிரி ஒரு சல்லடை இருக்கும். புகையில் இருக்கிற விஷத்தை எரித்து அனுப்புவது அதுதான். அது மூச்சை அடைக்கிறது என்பது இந்தப் பையன்களின் புகார்.

சல்மான் இரண்டு குழாய் கொண்டுவந்து என் கடை மேஜை மேல் வைத்தான். ஒன்று கனமானது, மங்கலான நிறம், உள்ளே சல்லடை உண்டு, நடுவில் சுருக்குச் சுருக்காக வளைகிற பெல்லோஸ் உண்டு. இன்னொன்று கண்ணாடி மாதிரி மின்னியது. சல்லடையும் இல்லை, பெல்லோஸும் இல்லை.

பெலிக்ஸ் இரண்டையும் கையில் எடுத்துப் பார்த்தான். "இத மாட்டுவோம் தம்பி" என்று கனமானதைத் தட்டினான். "இஞ்சின் ஆடும். கொழாயிக்கு இடுப்பு வேணும், வளைஞ்சு குடுக்கணும். அந்தப் பளபளப்புக்கு இடுப்பே இல்ல. கழுத்துல விரிசல் விட்டுரும்."

"அதுல சத்தம் வராதுண்ணே. எங்க மச்சான் வண்டியில இதுதான் கெடக்கு. மீமிசல்ல கெளப்புனா கோட்டப்பட்டினத்துல கேக்கும்."

"ஒன் மச்சான் வண்டி வேற தம்பி. கொழாயி வாயில இருக்குற இந்தத் தட்டு சமமா ஒக்காராது பாரு. காயிதம் நொழையுற சந்து இருக்கு."

"மாட்ட முடியுமா முடியாதா? நீங்க முந்தி மாதிரி இல்லண்ணே, எல்லாத்துக்கும் பயப்படுறீங்க. கையக் கட்டிப்புட்டாங்கன்னு வாயையுமா கட்டிக்கிட்டீங்க?" என்று சிரித்துக்கொண்டே பெலிக்ஸின் நெஞ்சில் ஒரு விரலால் தள்ளினான்.

பெலிக்ஸின் கை சட்டென்று போய், அப்போதுதான் வெல்டிங் முடித்துக் கீழே வைத்திருந்த ஒரு படகுக் குழாயைப் பிடித்தது. தோல் பொசுங்குகிற வாடை கடை வரைக்கும் வந்தது. சல்மானுக்கு அது தெரியவே இல்லை, போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரி தம்பி. இதையே மாட்டுவோம்" என்றான் பெலிக்ஸ்.

தட்டைத் தேய்த்துச் சமமாக்கி மாட்டியிருக்க வேண்டும். அதற்கு அரை நாள் ஆகும், சல்மான் நிற்கவில்லை. வெந்த கையோடு பெலிக்ஸ் படகில் செய்கிற வேலையைச் செய்தான். சந்தில் பேஸ்ட்டை அப்பி, மேலே ஆஸ்பெஸ்டாஸ் கயிற்றை இறுக்கிச் சுற்றிக் கம்பியால் கட்டினான். ஜெகதாப்பட்டினத்தில் பாதிப் படகு அப்படித்தான் ஓடுகிறது. கொஞ்சம் புகை கசிந்தால் கடல் காற்று கொண்டுபோய்விடும். கயிறும் பேஸ்ட்டும் என் கடையில்தான் வாங்கினான். நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

ஒரு வாரம் கழித்துச் சல்மான் கடைக்கு வந்தான். வண்டி பறக்கிறது என்றான். தலைதான் வலிக்கிறது என்றான். "நேரத்துக்குச் சாப்பிடுப்பா" என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

முந்நூற்று நாற்பத்தேழாவது நாள். காலை பதினொரு மணி, ஜெகதாப்பட்டினம் துறைமுகம். ஒரு படகுக்கு கேஸ்கெட் கொடுக்க நான் போயிருந்தேன். பெலிக்ஸ் அந்தப் படகின் இஞ்சின் அறைக்குள் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். மேலே நின்ற படகு டிரைவர் அருள்தாஸ் என்னிடம் சொன்னார்:

"உள்ளாற பத்து நிமிசம் நின்னா தல கிறுகிறுங்குதும்மா. மேல வந்து காத்து வாங்குனா சரியாப் போயிருது. கொழாயில சுத்துன கயித்து வழியாப் புகை கசியுது."

உள்ளே சுத்தியல் சத்தம் நின்றது. பெலிக்ஸ் கையில் சுத்தியலோடு மேலே ஏறி வந்தான். முகம் வெளுத்திருந்தது. "அக்கா, அந்தப் பையன் காருக்குள்ள மேல வந்து காத்து வாங்க எடமில்ல" என்றான். எனக்குப் புரியவில்லை. அவன் கரையில் கண்ணை ஓட்டினான். மீன் ஏலம் தொடங்கும்வரை சல்மான் தினமும் செய்கிறதைத்தான் அன்றும் செய்துகொண்டிருந்தான். ஐஸ் பிளாண்ட் சுவரோரம் காரை நிறுத்தி, கண்ணாடியெல்லாம் ஏற்றி, ஏசியைப் போட்டுச் சாய்ந்து படுத்திருந்தான். இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது; கயிற்றில் கசிகிற விஷப்புகையை ஏசி உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது.

பெலிக்ஸ் படகிலிருந்து குதித்து ஓடினான். கண்ணாடியைத் தட்டினான். அசைவில்லை. சுத்தியலால் ஒரே போடு, கண்ணாடி சில்லுச் சில்லாக உதிர்ந்தது. கையை விட்டுக் கதவைத் திறந்து, சட்டைக் காலரைப் பிடித்து வெளியே இழுத்துத் தரையில் போட்டான். கன்னத்தில் அறைந்தான். இரண்டாவது அறை. மூன்றாவதில் சல்மான் பெரிதாக மூச்சை இழுத்தான், வாந்தி எடுத்தான், கண் திறந்தான். நான் மாதாவே என்றேன், மாரியாத்தா என்றேன், வாயில் வந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன்.

சல்மான் உடைந்த கண்ணாடியைப் பார்த்தான். "வண்டிய ஏண்ணே ஒடச்சீங்க?" என்றான், குழறலாக.

அப்போதுதான் நான் அந்தப் பழைய பெலிக்ஸைப் பார்த்தேன். முஷ்டி மடங்கியது. ஒன்று, உதடு கிழிந்தது. இரண்டு, மூக்கில் ரத்தம் கொட்டியது. மூன்று, பல் ஒன்று மணலில் விழுந்தது. அதோடு நிறுத்தினான். எழுந்து, தன் தலையைக் காரின் மேல்விளிம்பில் மடார் மடார் என்று மோதிக்கொண்டான்.

சுற்றி இருந்தவர்களுக்கு என்ன தெரியும்? பெலிக்ஸ் மறுபடி ஆரம்பித்துவிட்டான், ஒருத்தனைக் கொல்கிறான் என்றுதான் நினைத்தார்கள். பத்துப் பேர் பாய்ந்து அவனைக் கீழே தள்ளி மிதித்தார்கள். ஒருவன் மீன் பெட்டியால் முதுகில் அடித்தான். நாலு போனில் வீடியோ ஓடியது. பெலிக்ஸ் கையைத் தலைக்குக் கொடுத்துச் சுருண்டு கிடந்தான், திருப்பி ஒரு அடி அடிக்கவில்லை. நான் கத்திய கத்தலில் தொண்டை கட்டிப்போனது. அருள்தாஸ் சல்மானை ஒரு மீன் வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். இன்னும் கால் மணி நேரம் போயிருந்தால் ஜனாஸா எடுக்க வேண்டியதுதான் என்று டாக்டர் சொன்னாராம்.

வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. நாலு நாள் கழித்துக் கோட்டாட்சியர் முன்னால் விசாரணை. சல்மான் உதட்டில் தையலோடு வந்தான். அவனுடைய உம்மா சம்சுன் நிஹாரும் வந்தார். "எம்புள்ளைய உசுரோட மீட்டுக் குடுத்தவருங்கம்மா இவரு. எங்களுக்கு ஒரு புகாரும் இல்ல" என்று அழுதார். கதவோரத்தில் அன்புச்செல்வி நின்றாள். அவள் வந்தது எனக்கே அப்போதுதான் தெரியும்.

கோட்டாட்சியர் நல்ல பெண்மணி. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "எழுப்புறதுக்குத்தானே அடிச்சீங்க?" என்று கேட்டார். ஆமாங்க என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் வேண்டியது. எல்லாரும் அந்த வார்த்தைக்காகக் காத்திருந்தோம்.

"மொத மூணு அடி எழுப்புறதுக்குங்கம்மா" என்றான் பெலிக்ஸ். "அப்பறம் அடிச்ச மூணும் கோவத்துல."

"அந்தப் பையன் மேல என்ன கோபம்?"

"பையன் மேல இல்லங்கம்மா. வேணாம்னு தெரிஞ்சும் அந்தக் கொழாய மாட்டுனது நானு. கயிறு சுத்துனது நானு. கோவம் எம்மேல. அடி வாங்குனது அவன்." தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "எம் பொண்டாட்டியையும் அப்புடித்தாங்கம்மா அடிச்சேன்."

கோட்டாட்சியர் பேனாவை எடுத்தார். பத்திரத்தில் மிச்சம் இருந்த பதினான்கு நாளும் ஜெயில்.

வெளியே வந்து நான் அன்புச்செல்வியைப் பிடித்துக்கொண்டேன். "கூமுட்டப் பய! ஆமான்னு ஒரு வார்த்த சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல!" என்று குதித்தேன். அவள் நல்ல காதை என் பக்கம் திருப்பி முழுசாகக் கேட்டாள்.

"ஜெயிலு கணக்குல வராதுக்கா. வெளிய வந்ததும் மொதல்லேருந்து எண்ணச் சொல்லுங்க" என்றாள்.

"எண்ணி முடிச்சா வருவியாடி?"

"ஆமான்னு சொல்லியிருந்தா என்னைக்கும் வந்துருக்க மாட்டேன்க்கா" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

புதுக்கோட்டை ஜெயிலிலிருந்து பெலிக்ஸ் வந்த அன்று பட்டறை வாசலில் சல்மானின் கார் நின்றது. பெலிக்ஸ் அடியில் படுத்து அந்தப் பளபளப்பான குழாயைக் கழற்றி நடுரோட்டில் வீசினான். சல்மானையும், அவன் மச்சானையும், கயிறு எடுத்துக் கொடுத்த என்னையும் சேர்த்து வாய் ஓயும்வரை திட்டினான். கை இரண்டும் முதுகுக்குப் பின்னால் இருந்தன. பிறகு தட்டைத் தேய்த்துச் சமமாக்கி, இடுப்புள்ள குழாயை அரை நாள் எடுத்து மாட்டினான். சல்மான் அவ்வளவு நேரமும் உட்கார்ந்திருந்தான்.

அன்புச்செல்வி சொன்னதைச் சாயங்காலம்தான் சொன்னேன். பெலிக்ஸ் அந்தப் படகுக் குழாயை இழுத்துப் போட்டு கிரைண்டரை ஓட்டினான். முந்நூற்று நாற்பத்தாறு பொட்டும் ஒன்று பாக்கியில்லாமல் தேய்ந்து போகும்வரை பொறி பறந்தது. துணியால் துடைத்தான். ஒரு பொட்டு வைத்துவிட்டுப் பட்டறையைச் சாத்தினான்.