பல் நாற்காலியில் தூங்குகிறவர்கள்

டிரில்லைப் பாதியில் நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறாள் பல் டாக்டர். நாற்காலியில் சாய்ந்திருக்கும் துணிக்கடைக்காரர் வாயைத் திறந்தபடியே தூங்கிவிட்டார். உதவிக்கு இருக்கும் பெண்ணுக்கு இதெல்லாம் பழக்கம். எச்சில் உறிஞ்சும் குழாயை அவர் வாயிலிருந்து மெல்ல எடுத்து மாட்டிவிட்டு, தலைக்கு மேலிருக்கும் விளக்கைத் தணிக்கிறாள். அறை முழுக்கக் கிராம்பு எண்ணெய் வாசனை. திரைச்சீலை வழியே மதிய வெயில் மெத்தென்று கசிகிறது. துணிக்கடைக்காரரின் தொண்டையில் ஒரு கரகரப்பு எழுந்து, ஏறி, உச்சிக்குப் போய்ச் சட்டென்று அறுந்துபோகிறது. டாக்டரும் தன் மூச்சைப் பிடித்துக்கொள்கிறாள். அவருக்கு மூச்சு திரும்பினால்தான் இவளுக்கும் திரும்பும்.

"பல் டாக்டர் நாற்காலியில யாராவது தூங்குவாங்களா, சொல்லுங்க?" என்று கேட்பாள். நியாயமான கேள்விதான். அந்த நாற்காலியில் உட்கார்ந்ததும் வீரப்பிரதாபம் பேசுகிறவர்கள்கூடக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொள்வார்கள். "அப்படிப்பட்ட இடத்துல ஒருத்தர் தூங்குறார்னா, ராத்திரி அவர் தூங்கவே இல்லன்னு அர்த்தம். சும்மா படுத்துக் கிடந்திருக்கார், அவ்வளவுதான்."

பல்வலி என்று அவளிடம் போகிறவர்கள் முதலில் கொஞ்சம் திகைத்துப்போவார்கள். எந்தப் பல் என்று விசாரிப்பதற்கு முன்னால், "காலைல எந்திரிக்கும்போது தலை பாரமா இருக்கா? வாய் வறண்டு போகுதா?" என்று ஆரம்பிப்பாள். நாக்கை நீட்டச் சொல்லி, ஓரத்தில் பல் தடம் பதிந்திருக்கிறதா என்று பார்ப்பாள். கூடவே மனைவி வந்திருந்தால் போச்சு; கணவரை அம்போ என்று விட்டுவிட்டு அந்தப் பக்கம் திரும்பிவிடுவாள். "தூங்குறவருக்கு என்ன தெரியும்? நீங்க சொல்லுங்க." அந்த அம்மாளும் இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவள்போலக் கொட்டித் தீர்ப்பாள். "தலகாணிய வச்சு அமுக்கிடலாமான்னுகூடத் தோணியிருக்கு டாக்டர்" என்று ஒருத்தி மனம் திறந்தபோது, நாற்காலியில் கிடந்த கணவர் திறந்த வாயை மூடாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாராம்.

டாக்டரே பாதிக் கனவில் நடமாடுகிறவள்தான். பேச்சு நிதானமாக வரும். பாதி வாக்கியத்தில் எங்கேயோ போய்விட்டுத் திரும்பி வருவாள். பஸ்ஸில் ஏறினால், ஜன்னலோரம் தூங்கி விழுகிற யாரையாவது பார்த்துக்கொண்டிருந்துவிட்டு இறங்க வேண்டிய இடத்தைக் கோட்டை விட்டுவிடுவாள். அலமாரியில் அவள் அச்செடுத்து வைத்திருக்கும் பல் வரிசைகள் வெள்ளை வெளேரென்று அடுக்கியிருக்கும். ஆள் வராத மதியங்களில் அவற்றைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். இந்த வாய்க்காரர் இன்றைக்கு என்ன கனவு காண்பார், அதையாவது முழுசாகக் கண்டு முடிப்பாரா என்று யோசனை ஓடும். மூச்சு அறுந்து அறுந்து தூங்குகிறவர்களுக்குக் கனவும் அறுந்து அறுந்துதான் வரும் என்பது அவள் கட்சி. மருத்துவப் புத்தகத்தில் அப்படி இருக்கிறதா என்று கேட்டால், "தெரியல, ஆனா பாவமா இருக்கு" என்பாள்.

விஷயத்தை விளக்குவதில் மட்டும் கனவு கினவு எதுவும் கிடையாது. "தூங்கும்போது தசையெல்லாம் தளந்துடும். கீழ்த்தாடை பின்னால சரியும். கூடவே நாக்கும் சரிஞ்சு, காத்து போற வழியில போய் உக்காந்துக்கும். இடுக்குல காத்து நெருக்கிக்கிட்டுப் போற சத்தம்தான் குறட்டை. வழி மொத்தமா அடைச்சிடுச்சுன்னா சத்தமும் இருக்காது, மூச்சும் இருக்காது. உடம்பு பதறிப்போய் எழுப்பிவிடும். ராத்திரி பூரா இதே கூத்து. காலைல உங்களுக்கு ஒண்ணுமே ஞாபகம் இருக்காது." பிறகு ஒரு வித்தை செய்யச் சொல்வாள். "கீழ்த்தாடைய முன்னால தள்ளுங்க. இன்னும் கொஞ்சம். இப்போ குறட்டை விட்டுக் காட்டுங்க பாப்போம்." பெரிய மனிதர்கள் எல்லாம் மோவாயை நீட்டிக்கொண்டு குறட்டை விட முயன்று தோற்பார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள், தூக்கப் பரிசோதனைக்குச் சீட்டு எழுதி நீட்டிவிடுவாள்.

ஊருக்கெல்லாம் சொல்கிறவளின் பேச்சு சொந்த அக்கா வீட்டில் எடுபடவில்லை. அக்காவின் கணவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். கழுத்து தடித்த, வெள்ளை மனசுக்காரர். அவருடைய குறட்டை குடும்பத்தில் பிரசித்தம். கல்யாணம் காட்சி என்று எல்லாரும் ஒரு கூடத்தில் படுக்க நேர்ந்தால், அவருக்குத் தொலைவில் இடம் பிடிக்க அடிதடி நடக்கும். அவருக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான். "நான் தூங்குற வீட்டுக்குத் திருடன் வரமாட்டான்" என்பார். அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்து, கூட்டத்தோடு சேர்ந்து சிரித்து வைப்பாள்.

ஒரு நாள் எல்லாரும் சேர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, பஸ்ஸில் பிள்ளைகள் புதிதாக ஒரு விளையாட்டு கண்டுபிடித்திருப்பதாக அவர் சொன்னார். சிக்னலில் சிவப்பு விழுந்து பஸ் நின்றதும் அவருக்குக் கண் செருகிவிடுமாம். பச்சை விழுந்ததும் பிள்ளைகள் எல்லாரும் ஒரே குரலில் "பச்சை!" என்று கத்துவார்களாம். இவர் திடுக்கிட்டு முழித்து வண்டியை எடுப்பாராம். "பொடிசுங்க, என்ன போடு போடுதுங்க தெரியுமா!" என்று தொடையைத் தட்டிச் சிரித்தார். கூடம் முழுக்கச் சிரித்தது. டாக்டரின் கை மட்டும் தட்டிலேயே நின்றுவிட்டது. அக்காவைப் பார்த்தாள். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

"அத்தான், சிவப்புல தூங்குறீங்கன்னா பச்சைலயும் தூங்குவீங்க. நாளையிலருந்து பஸ்ஸ எடுக்காதீங்க."

அவருக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும். "குறட்டை விடாத ஆம்பளை யாரு? என் பஸ்ஸ நிறுத்தச் சொல்ல நீ யாரும்மா? இத்தனை வருஷத்துல ஒரு சைக்கிள உரசியிருப்பேனா?" சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்து போய்விட்டார். பின்கட்டில் பாத்திரம் துலக்குகிற சாக்கில்தான் அக்கா வாயைத் திறந்தாள். "சத்தம் போட்டா எனக்கு நிம்மதிடி. நின்னாத்தான் பயம். நின்னுடுச்சுன்னா காலால உதைப்பேன். உதைச்சு உதைச்சே ராத்திரி போயிடும். சொன்னா, மனுஷன தூங்க விடமாட்டேங்குறேன்னு எம்மேலயே பாய்வாரு." அக்காவின் கண்ணுக்குக் கீழே கிடந்த கருமையை அதுவரை வயசின் கணக்கில் எழுதிவிட்டிருந்தாள் தங்கை. ஊரில் உள்ள மனைவிகளையெல்லாம் கேட்டவள், கூடப்பிறந்தவளிடம் கேட்கவில்லை. வெட்கமாகவும் வேதனையாகவும் இருந்தது அவளுக்கு.

அடுத்து அவள் செய்தது சுத்தமான சூழ்ச்சி. அந்த வாரம் பள்ளிக்கூடம் விடுமுறை. பல்லில் கறை ஏறியிருக்கிறது, சும்மா சுத்தம் செய்துவிடுகிறேன் என்று தேன் ஒழுகப் பேசி, அத்தானை மதிய நேரத்தில் வரவழைத்தாள். "ஊசி கீசி போட்டேன்னா எந்திரிச்சுப் போயிடுவேன்" என்று மிரட்டியபடிதான் உட்கார்ந்தார். நாற்காலி சாய்ந்து முடிப்பதற்குள் அடித்துப் போட்டதுபோல் தூங்கிவிட்டார். டாக்டர் எதையும் சுத்தம் செய்யவில்லை. போனை அவர் தலைமாட்டில் வைத்துப் பதிவு செய்தாள்.

அவர் எழுந்து வாயைத் துடைத்துக்கொண்டதும் அதை அவர் கையில் கொடுத்தாள். முதலில் சிரித்தார். "நம்ம கச்சேரிதான்!" கரகரப்பு ஏறியது, அறுந்தது. அதன் பிறகு ஒன்றுமில்லை. தூரத்தில் தெருவில் ஒரு ஹாரன் கேட்டது. அறையில் மின்விசிறி சுற்றுகிற சத்தம் கேட்டது. அவர் போனைக் குலுக்கிப் பார்த்தார். "நின்னுடுச்சா?" "ஓடிக்கிட்டுதான் இருக்கு அத்தான்." தன்னை அறியாமல் அவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார். பதிவில் இருந்த மனிதர் கடைசியில் ஒரு கேவலோடு திரும்பி வந்தபோது, கேட்டுக்கொண்டிருந்தவர் முகம் வெளுத்திருந்தது.

"அந்த நேரத்துல நான் எங்கம்மா போனேன்?" என்றார்.

அன்றைக்கே சாவியைப் பள்ளிக்கூட ஆபீஸில் ஒப்படைத்துவிட்டார். தூக்கப் பரிசோதனையில் சந்தேகம் உறுதியானது. தூக்கத்துக்கான மருத்துவர் முதலில் முகமூடி மாட்டிக் காற்றடிக்கும் மெஷினைக் கொடுத்துப் பார்த்தார். அத்தான் தூக்கத்திலேயே அதைப் பிடுங்கிப் போட்டார். "முற்றிப்போகவில்லை, தாடைக்கருவி போட்டுப் பாருங்கள்" என்று அந்த மருத்துவரே அத்தானை மச்சினியிடம் திருப்பி அனுப்பினார். அவள் மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் அச்செடுத்து, கண்ணாடிபோல் தெளிவான இரண்டு கவசங்கள் செய்தாள். வாயில் மாட்டினால் கீழ்த்தாடை கொஞ்சம் முன்னால் வந்து நிற்கும். பின்னால் சரிய விடாது. பக்கத்தில் இருக்கும் பொடித் திருகைத் திருப்பினால் இன்னும் ஒரு மயிரிழை முன்னால் வரும்.

முதல் வாரம் எச்சில் ஒழுகித் தலையணை நனைந்தது. காலையில் தாடை வலித்தது. கடித்தால் பல் பொருந்தவில்லை என்று எரிந்து விழுந்தார். அப்புறம் பழகியது. பழகிய சமயத்தில் அக்கா ஒரு காரியம் செய்தாள். வாய்க்குள் போகிற பொருளாயிற்றே என்று, அதைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு மூடி வைத்துவிட்டாள். எடுத்துப் பார்த்தால் வெயிலில் கிடந்த அப்பளமாக நெளிந்திருந்தது. "சுத்தமா இருக்கட்டும்னுதான்டி..." என்று அழாத குறையாக அவள் அதை ஏந்திக்கொண்டு வந்து நின்றபோது டாக்டர் சிரித்துக்கொண்டே அதை வாங்கி வைத்தாள். மறுபடி முதலிலிருந்து அச்சு, மறுபடி காத்திருப்பு. வேலையில்லாமல் வீட்டில் இருந்த அத்தான், பள்ளிக்கூட பஸ் தெருவைக் கடக்கிற சத்தம் கேட்டால் எழுந்து உள்ளறைக்குப் போய்விடுவார். வேறு யாரோ கியர் மாற்றுகிற சத்தத்தை அவரால் தாங்க முடியவில்லை.

டாக்டர் அவசரப்படவில்லை. திருகை வாரத்துக்குக் கொஞ்சமாகத் திருப்பினாள், அக்காவிடம் கேட்டாள், மறுபடி திருப்பினாள். கருவியோடு செய்த இரண்டாவது பரிசோதனையில் மூச்சு அநேகமாக அறுபடாமல் ஓடியது. மருத்துவர் வண்டி ஓட்டலாம் என்றார். சாவி வீட்டுக்குத் திரும்பி வந்தது.

அந்தச் செய்தி வந்த மறுநாள் மதியம் அக்காவிடமிருந்து போன். "உடனே வாடி." வேறு எதுவும் சொல்லவில்லை. டாக்டர் அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினாள். அத்தான் கருவியை மாட்டிக்கொண்டு ஒருக்களித்துப் படுத்திருந்தார். உதடு மூடியிருந்தது. ஜன்னல் துணி உப்பி அடங்கியது. வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. அக்கா கட்டில் ஓரத்தில் புடவைத் தலைப்பைக் கசக்கியபடி நின்றிருந்தாள்.

"இத்தனை நாள் லேசாவாச்சும் கேக்கும், இப்ப சத்தமே இல்லடி. எனக்குக் கை கால் ஓடல. உதைக்கலாம்னு பாத்தேன், நாளைக்கு பஸ் எடுக்கணுமே, தூங்கட்டும்னு... இவரு இருக்காராடி?"

பரிசோதனை முடிவு, மருத்துவர் பேச்சு எல்லாம் இந்த நிமிஷத்தில் அக்காவுக்கு எதற்கு? டாக்டர் கைப்பையைத் துழாவி, பல் பார்க்கிற வட்டக் கண்ணாடியை எடுத்தாள். அதை அத்தானின் மூக்குக்குக் கீழே பிடித்தாள். கண்ணாடி மங்கியது. தெளிந்தது. மறுபடி மங்கியது. அக்கா குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கையை நீட்டிக் கண்ணாடியைத் தானே வாங்கிக்கொண்டாள். கொஞ்ச நேரம் பிடித்திருந்தாள். அப்படியே கட்டிலில் சாய்ந்து, அவர் முதுகை ஒட்டித் தலையை வைத்தாள். கண்ணாடி இருந்த கை மெல்லத் தளர்ந்து மெத்தையில் இறங்கியது. மதிய வேளையில் அக்கா தூங்கி டாக்டர் பார்த்ததே இல்லை.

அவள் கண்ணாடியைத் திருப்பி எடுக்கவில்லை. ஓசைப்படாமல் கூடத்துக்கு வந்து, போனை அணைத்தாள். வாசலில் கிடந்த செருப்பைக் காலில் போடாமல் கையில் எடுத்துக்கொண்டு, தெருமுனைவரை வெறுங்காலோடு நடந்தாள்.