பாய் காரில் நான் வைத்த பொட்டு

சாலவாக்கத்தில் கழனிச் சேற்றில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தபோது, காதர் பாயின் மனைவி பாயம்மாவிடமிருந்து போன் வந்தது. "தம்பி, அவரு போயிட்டாரு" என்றார். "எங்க, சந்தைக்கா?" என்று கேட்டுத் தொலைத்தேன். அந்தப் பக்கம் அழுகை கேட்ட பிறகுதான் உறைத்தது. பாயம்மா என்னை மன்னித்துவிட்டார். பாய் கேட்டிருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பார்.

உத்திரமேரூர் கடைத்தெருவில் குடமும் வாளியும் குடையும் விற்ற காதர் பாயை உங்கள் எல்லோருக்கும் தெரியும். எந்த வேலைக்கும் வெளி ஆளைக் கூப்பிட மாட்டார். ஒருமுறை ரெண்டு கண்ணாடியை எதிரும் புதிருமாக வைத்துக்கொண்டு தன் தலைமுடியைத் தானே வெட்டிக்கொண்டார். பிறகு ஒரு மாதம் தொப்பியைக் கழற்றவே இல்லை. "இன்னா பாய், திடீர்னு பக்தி ஜாஸ்தியாயிடுச்சே?" என்றேன். "சும்மா இரு நைனா. பின்னாடி மேடும் பள்ளமுமா கீது" என்றார்.

அப்படிப்பட்டவரிடம் போய், காரில் டைமிங் பெல்ட் தேய்ந்துவிட்டது, மாற்றக் கூலி இவ்வளவு என்று மெக்கானிக் சொன்னால் விடுவாரா? "அந்தக் காசுல ஒரு ஆடு வாங்கி வூட்டுல கட்டலாம். ரப்பர் பெல்ட்டுதானே, நானே மாத்திக்கிறேன்" என்று வண்டியை என் டிராக்டர் கொட்டகையில் கொண்டுவந்து நிறுத்தினார். அவர் வீட்டெதிரே ஒரு சைக்கிள் நிறுத்தக்கூட இடம் கிடையாது.

அது சாதாரண பெல்ட் இல்லை. இன்ஜினில் மேலே ஒரு பல்சக்கரம், கீழே ஒரு பல்சக்கரம். ரெண்டையும் ஒரே தாளத்தில் ஓட வைப்பது அதுதான். தாளம் தப்பினால் உள்ளே வால்வு வளைந்து இன்ஜினே போய்விடும். பெருநகர் என்கிற ஊரின் சந்தைக்கு அவர் சரக்கு போவது அந்த ஒரு காரில்தான். "இன்ஜினுக்கு எதுனா ஆச்சு, வாளியெல்லாம் நீங்கதான் தலையில தூக்கிக்கினு போவணும்" என்று பாயம்மா முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

முதல் நாள் பழைய பெல்ட்டைக் கழற்றுவதற்கு முன், புதுசை மாட்டும்போது சக்கரங்கள் அதே நிலையில் இருக்க ரெண்டிலும் அடையாளம் வைத்தார். பெயிண்ட் டப்பா வாங்க மனசு வராமல், வெற்றிலைக்கு வைத்திருந்த சுண்ணாம்பைத் தீக்குச்சியால் தொட்டு வைத்தார்.

மறுநாள் ஆயுத பூஜை. பாய் மதியத் தொழுகைக்குப் போயிருந்தார். நான் டிராக்டர், கலப்பை, மண்வெட்டி எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டு வந்தேன். நடுவில் பாய் கார் வாயைத் திறந்தபடி நிற்கிறது. அதை மட்டும் விடுவது எப்படி? ஈரத்துணியால் இன்ஜினை நன்றாகத் துடைத்தேன். பெல்ட் இல்லாததால் சக்கரங்கள் லேசாகத் திரும்பின. துடைக்க வசதியாகத்தான் இருந்தது. கை எட்டிய இடமெல்லாம் பொட்டு வைத்தேன்.

பாய் வந்து எட்டிப் பார்த்தார். "இன்னா நைனா, என் இன்ஜினுக்கு வளைகாப்பா?"

"நல்ல நாளு பாய், கெடக்கட்டும்."

"சுண்ணாம்பு வெச்சேனே, எங்க?"

"அது சுண்ணாம்பா? காக்கா எச்சம்னு தொடச்சிட்டேன்!"

அவர் திட்டவில்லை. கவிழ்த்து வைத்திருந்த ஒரு வாளிமேல் உட்கார்ந்துகொண்டு, "மொதல்ல டீ சொல்லு" என்றார். எனக்குத்தான் சந்தை ஞாபகம் வந்தது. அது தவறினால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது.

கம்பெனிக்காரனே சக்கர ஓரத்தில் அடையாளத்துக்குச் சின்னதாக ஒரு பள்ளம் போட்டிருப்பானாம். டார்ச் அடித்துத் தேடி, ஒன்றைக் கண்டுபிடித்துப் புது பெல்ட்டை மாட்டினோம். நான் சாவியைத் தொட்டேன். "கைய எடு! சாவி அப்புறம். மொதல்ல கையால ரெண்டு சுத்து" என்று கத்தினார். ஸ்பானரைப் போட்டு மெல்லச் சுற்றினார். ஒரு சுற்று முடியவில்லை, டக் என்று தட்டி நின்றது. நாங்கள் பள்ளம் என்று நம்பியது வெறும் கீறல்.

"இப்ப சாவி போட்டிருந்தா?" என்றேன்.

"என் தலையில வாளி. உன் தலையில கொடம்."

மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்ததில் நிஜமான பள்ளம் கிடைத்தது. மறுபடி மாட்டி, கையால் ரெண்டு சுற்று. எங்கும் தட்டவில்லை. சாவி போட்டதும் வண்டி ஒரே உறுமலில் கிளம்பியது. மேல்சக்கரத்தின் நடுவில் ஒரு பொட்டு மிச்சமிருந்தது. வண்டியை நிறுத்தியதும் துடைக்கப் போனேன். "இருக்கட்டும் நைனா. பாயி வண்டின்னு அதுக்குத் தெரியுமா இன்னா?" என்று மூடியைப் போட்டு முடுக்கிவிட்டார்.

அடுத்த பெல்ட்டை எப்போது மாற்ற வேண்டும் என்று ஸ்டீயரிங் பக்கத்தில் சீட்டு ஒட்டி வைத்திருந்தார். அந்தக் கணக்குப்படி இப்போது மாற்ற வேண்டும். "சந்தையை வுட முடியாது தம்பி. மெக்கானிக்குக்கு காசு குடுத்தா அவரு எழுந்து வந்துடுவாரு. நீயே மாத்திக் குடு" என்றார் பாயம்மா.

போன வாரம் மூடியைக் கழற்றினேன். ரெண்டு சக்கரத்திலும் பள்ளத்தை ஒட்டி உளியால் ஆழமாக ஒரு கோடு. எப்போது திறந்து செதுக்கினாரோ, என்னிடம் சொல்லவே இல்லை. நான் எந்தத் துணியால் துடைத்தாலும் அழியாத கோடு. நடுவில் என் பொட்டு கருத்துப்போய் அப்படியே இருந்தது.

புது பெல்ட்டை மாட்டிச் சாவியைத் தொடாமல் கையால் ரெண்டு சுற்று சுற்றினேன். அவரிடமிருந்து எனக்கு மிச்சம் அந்த ரெண்டு சுற்றுதான். எங்கும் தட்டவில்லை. வண்டி கிளம்பியது. பிறகு அணைத்துவிட்டு, வீட்டிலிருந்து சந்தனமும் குங்குமமும் எடுத்துவந்து பழைய பொட்டின் மேலேயே புதுசாக ஒன்று வைத்தேன்.

இந்த முறை எதையும் துடைக்கவில்லை.