சுலோச்சனா வீட்டுக்கு அடித்த பிளக்

நகராட்சியில் புதிதாகக் குழாய் பிட்டர் வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகள் அவ்வப்போது என்னிடம் வந்து, "உங்க சர்வீஸ்ல மறக்க முடியாதது ஒண்ணு சொல்லுங்க சார்" என்று கேட்கிறார்கள். நான் கண்டுபிடித்த லீக்கேஜ், விடிய விடிய மாற்றிய பைப் என்று பெருமையாகச் சொல்ல நிறைய உண்டு. அதையெல்லாம் விட்டுவிட்டு என் மானம் போன கதையைத்தான் சொல்வேன். வேலை கற்றுக்கொள்ள அதுதான் உதவும்.

ஆரணியில் தண்ணீர் திறந்துவிட்டே முப்பத்தொரு வருடம் ஓட்டியவன் நான். ஓய்வு பெறுவதற்கு முந்தின கோடையில் ஆற்றுப் படுகைக் கிணறுகள் அடிமட்டத்துக்குப் போய்விட்டன. நாலு நாளுக்கு ஒரு முறைதான் சப்ளை என்றாகிவிட்டது. குழாயில் மோட்டார் வைத்து உறிஞ்சக் கூடாது, வண்டி கழுவக் கூடாது, செடிக்கு ஊற்றக் கூடாது, குழாய்த் தண்ணீரைத் தெருவில் தெளிக்கக் கூடாது. மீறினால் முதலில் எச்சரிக்கை, இரண்டாவது தடவை கனெக்‌ஷன் கட். இதை எழுதிக் கொடுக்க என் கையில் ஒரு நோட்டீஸ் கட்டைத் திணித்தார்கள். அத்தனை வருடம் போகிறவன் வருகிறவனிடமெல்லாம் திட்டு வாங்கியவன் நான். கையில் நோட்டீஸ் வந்ததும் நடையே மாறிவிட்டது என்று என் மனைவி சொன்னாள். உண்மைதான்.

நெசவாளர் தெரு ஒன்றில் கடைசி ஏழெட்டு வீடுகளுக்குச் சொட்டுத் தண்ணீர் போகவில்லை. ஓவர்சியர் என்னைக் கூப்பிட்டுக் காய்ச்சி எடுத்தார்.

"டெயில் எண்டுக்குத் தண்ணி வரலன்னு பொம்பளைங்க ஆபீஸ் வாசல்ல வந்து குந்திகினு இருக்காங்க. நீ இன்னாய்யா பண்ணிகினு இருக்கே? ஒரு வூட்டயாவது கட் பண்ணு. அப்பதான் மத்தவங்க அடங்குவாங்க."

அந்தத் தெருவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பாவு என்பது சேலைக்கு நீளவாட்டில் ஓடும் பட்டு இழைகள். அதைத் தறியில் ஏற்றும் முன் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, அறுந்த இழைகளை முடிவார்கள். தூசு ஒட்டினால் பட்டு கெட்டுவிடும். அதனால் பாவு நீட்டுவதற்கு முன்னால் தெருவில் தண்ணீர் தெளிப்பார்கள். அங்கே காலையில் ரோடு ஈரமாயிருந்தால் யாரோ பாவு போடப்போகிறார்கள் என்று அர்த்தம். இதைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண் என்னுடையது.

ஒரு சப்ளை நாளில் சுலோச்சனா என்ற நெசவுக்காரி வீட்டு முன்னால் இருபதடி நீளத்துக்கு ரோடு நனைந்திருந்தது. அவளை எச்சரித்துவிட்டு வந்தேன். நாலு நாள் கழித்துப் போனால் மறுபடியும் அதே ஈரம். வாசலில் நின்றே நோட்டீஸ் எழுதினேன்.

சுலோச்சனாவுக்கு ஐம்பது வயதிருக்கும். அவளும் வீட்டுக்காரரும் எதிரெதிர் தறியில் உட்கார்ந்து நெய்கிறவர்கள். உள்ளேயிருந்து ஓடிவந்தாள்.

"அண்ணா, சத்தியமா நான் தெளிக்கல. எங்க வூட்ல தண்ணி எப்படிச் செலவாவுதுன்னு உள்ள வந்து பாருங்க."

"எல்லாரும் இதையேதான் சொல்றீங்க. அப்ப ரோட்ட நனைச்சது யாரு, நானா?"

"இன்னிக்கு இன்னா நாளுன்னு தெரியுமா உங்களுக்கு?"

"நாளு கிழம பாத்துகினு இருக்க எனக்கு நேரமில்லம்மா. ஜல்தியா நவுரு."

நவுரு என்று சொன்னேன். நினைத்தால் இப்போதும் வெட்கமாயிருக்கிறது. அவள் வீட்டு இணைப்பைத் தோண்டி, தண்ணீர் போகாதபடி பிளக் அடித்தேன். தெருவே வேடிக்கை பார்த்தது. தண்ணீர் வராத கடைசி வீட்டுக்காரி ஒருத்தி, "நாங்க நாக்கு வறண்டு சாவறோம், இவ தெருவக் குளிப்பாட்றா" என்று சத்தம் போட்டாள். நான் மீசையைத் தடவிக்கொண்டே சைக்கிளில் ஏறினேன்.

அடுத்த முறை அந்தத் தெருவுக்குள் போகவே இல்லை. மூலையில் வால்வைத் திறந்துவிட்டு அப்படியே வந்துவிட்டேன். அதற்கும் அடுத்த சப்ளையன்று வால்வுக் குழியில் குனிந்திருந்தபோது எதிரே இரண்டு கால்கள் வந்து நின்றன. நிமிர்ந்தால் சுலோச்சனா. ஒரு கையில் என் நோட்டீஸ், இன்னொரு கையில் தினசரிக் காலண்டரிலிருந்து கிழித்த தாள்.

"ரெண்டுலயும் தேதியப் படிங்கண்ணா."

படித்தேன். இரண்டும் ஒரே தேதி. காலண்டர் தாளில் கருப்பு வட்டம் போட்டிருந்தது. அமாவாசை.

"அமாவாசைக்குத் தறியே ஓடாது. எவன்யா பாவு போடுவான்? எதுக்கு நான் தெருவுல தண்ணி தெளிக்கணும்? பாவு போடற அன்னிக்குக் கூட நாங்க போர் தண்ணிதான் தெளிக்கிறோம்."

அவள் நிறுத்தவில்லை.

"நீங்க பிளக் அடிச்சு எட்டு நாளாச்சு. போன சப்ளைக்கும் ரோடு ஈரம். இன்னிக்கும் ஈரம். போன தடவையே வந்திருப்பேன். ஒரு வாட்டி ஈரத்த மட்டும் காட்டினா, எதிர் வூட்டுக்காரன் ஊத்தினான்னு அவன் குழாயையும் புடுங்கிடுவீங்க. அதான் ரெண்டு வாட்டி பாத்துட்டு வந்தேன்."

அவள் பின்னாலேயே போனேன். தெருவில் உட்கார்ந்து ரோட்டைத் தொட்டுப் பார்த்தேன். தெளித்த தண்ணீர் கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிடும். இது சிமெண்ட் ரோட்டின் வெடிப்பிலிருந்து ஊறி ஊறி வந்து சரிவில் பரவிக்கொண்டிருந்தது. கைவைத்தால் போதும், தெரிந்துவிடும். முப்பது வருட அனுபவஸ்தன் இரண்டு தடவை வந்தும் குனியவில்லை.

ரோட்டைத் தோண்ட ஆளுக்குச் சொல்லி அனுப்பினேன். அவர்கள் வருவதற்குள், "இப்பவாவது உள்ள வாங்க" என்றாள். போனேன். தறிக்குப் பக்கத்தில் குடங்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் கழுத்திலும் கழிவுப் பட்டு நூல் கட்டியிருந்தது.

"சேப்பு நூலு குடிக்கறதுக்கு. பச்ச சோறாக்க. மஞ்ச நூலு கட்டினது அரிசி, காய் கழுவின தண்ணி, அதுல ஏனத்த மொதல்ல ஒருவாட்டி அலசிடுவோம். குளிக்கறது பெரிய டப்புக்குள்ள நின்னுகினு. அந்தத் தண்ணி கக்கூசுக்கு." எட்டு நாளும் இரண்டு தெரு தள்ளியிருக்கும் போர் டேங்கிலிருந்தும், குடிக்கத் தங்கை வீட்டிலிருந்தும் தூக்கியிருக்கிறாள். "தண்ணி தூக்கறது கூடப் பெரிசில்லண்ணா. தண்ணி திருடின்னு சொன்னாங்க பாருங்க, அதான் சோறு எறங்கல."

வால்வை மூடிவிட்டு ரோட்டைத் தோண்டினோம். ஓவர்சியரும் வந்துவிட்டார். மூன்றடி ஆழத்தில், எதிர் வீட்டுக்கு இரண்டு மாதம் முன்பு கொடுத்த புது கனெக்‌ஷன். மெயின் பைப்பைக் கவ்விப் பிடிக்கும் சேடில் தெரிந்தது. இரண்டு போல்ட்டில் ஒன்று கையாலேயே சுழன்றது. கடைசி வீடுகளுக்குப் போக வேண்டிய தண்ணீர் அங்கேதான் போய்க்கொண்டிருந்தது.

ஓவர்சியர் குழிக்குள் எட்டிப் பார்த்தார். "எந்தக் கம்மனாட்டி போட்டான் இத?"

போட்டது நான்தான். அன்று இன்னொரு இடத்தில் வேலை இருந்ததென்று அவசரமாக மண்ணைத் தள்ளி மூடியிருந்தேன். எனக்குத் தவிர வேறு யாருக்கும் அது தெரியாது. "பைப்பு பழசு சார்" என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்துவிட்டது. குழியைச் சுற்றித் தெருவே நின்றது. சுலோச்சனாவும் நின்றாள். "எப்படியோ கண்டுபுடிச்சிட்டாரு அண்ணன்" என்று பக்கத்தில் இருந்தவளிடம் என்னைப் பாராட்டி வேறு சொல்லிக்கொண்டிருந்தாள். அதைக் கேட்ட பிறகு என்னால் பொய் சொல்ல முடியவில்லை.

"நான்தான் சார் போட்டேன். சரியா டைட் பண்ணல" என்றேன். பிறகு தெருவைப் பார்த்து, "இந்தம்மா மேல ஒரு தப்பும் இல்ல. எல்லாம் என் தப்பு" என்றேன்.

சுலோச்சனாதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"ஒரு வாசல நனைச்சதுக்கு எட்டு நாளு கட். தெருவயே காயப் போட்டவரு வூட்டுக் குழாய யாரு வந்து புடுங்கறது?"

தெரு முழுக்கச் சிரித்தது. ஓவர்சியரும் சிரித்துவிட்டார். நான் குழிக்குள் குனிந்து போல்ட்டை முறுக்கினேன். அவள் வீட்டுப் பிளக்கையும் எடுத்துவிட்டேன்.

அன்று வீட்டுக்குப் போய் என் வீட்டு கேட் வால்வை மூடினேன். எட்டு நாள் திறக்கக் கூடாது என்றேன். "நீ பண்ண தப்புக்கு நான் ஏன்யா கொடம் தூக்கணும்?" என்று மனைவி கத்தினாள். நியாயம்தான். நானே தூக்கினேன். முதல் நாள் பத்துக் குடம். இடுப்பு விட்டுப் போயிற்று. மூன்றாம் நாளே டப்புக்குள் நின்று குளிக்கப் பழகிவிட்டேன். கடைசி நாள் ஆறு குடத்தில் வீடு ஓடியது. நோட்டீஸில் எழுதியிருந்ததையெல்லாம் வருடக்கணக்கில் ஊருக்குச் சொன்னவன் நான். என் வீட்டில் எவ்வளவு கொட்டியிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

சுலோச்சனா தண்ணீர் தூக்கிய அதே போர் டேங்குக்கு முதல் நாள் போனபோது பெண்கள் வரிசையாக நின்றார்கள். யூனிபார்ம் போட்டிருக்கிறோமே என்ற பழக்கத்தில் நேராக முன்னால் போய்க் குடத்தை வைத்தேன். துணி துவைக்கத் தண்ணீர் பிடிக்க வந்திருந்த சுலோச்சனா என் குடத்தை எடுத்து என் கையிலேயே கொடுத்தாள்.

"ரூல்ஸ் உங்களுக்குந்தாண்ணா. பின்னாடி போய் நில்லுங்க."

போய் நின்றேன்.