ஒரே ஒரு கையெழுத்து

எண்பதுகளின் நடுவில், மாம்பழ சீசன் முடியும் நேரத்தில் ஒரு சனிக்கிழமை. தருமபுரியில் ஒரு சின்ன தனியார் மருத்துவமனையில் நர்ஸாகச் சேர்ந்து எனக்கு ஒரு வருடம்கூட ஆகவில்லை. காரிமங்கலத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போவேன். அதைத் தாண்டி எந்த ஊருக்கும் தனியாகப் போனது கிடையாது.

அன்று காலையில் ஒகேனக்கல் பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக எங்களிடம் வந்தாள் ஒரு வெள்ளைக்காரப் பெண். டென்மார்க்காம். என் வயதுதான் இருக்கும். முதல் நாள் சாயங்காலம் அருவிப் பாறையில் வழுக்கி விழுந்து, வலது மணிக்கட்டு உருளைக்கிழங்கு மாதிரி வீங்கியிருந்தது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தோம். எலும்பு முறியவில்லை, ஆனால் மோசமான சுளுக்கு. டாக்டரம்மா பலகை வைத்துக் கட்டிவிட்டு, அசைக்கவே கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார்.

கட்டுப் போட்டதும் அந்தப் பெண் அழ ஆரம்பித்தாள். வலியால் அல்ல. அடுத்த வாரம் அவள் அக்காவுக்குக் கல்யாணம். மெட்ராஸில் விமான டிக்கெட்டைப் பதிவு செய்து வைத்திருக்கிறாள், பணம் இன்னும் கட்டவில்லை. ஞாயிறு மதியத்துக்குள் கட்டாவிட்டால் சீட் போய்விடும். கையில் இருப்பதோ டிராவலர்ஸ் செக். அது என்ன என்று இடது கையால் சைகை காட்டி எனக்கு விளக்கினாள். ஊரில் வாங்கும்போது அதில் ஒரு கையெழுத்துப் போட்டிருப்பாள். இங்கே வங்கி அதிகாரி கண்முன்னால் இன்னொன்று போட வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால்தான் ரூபாய் கிடைக்கும்.

முதல் நாள் இரவே கிளம்பி, அன்று காலையில் மெட்ராஸில் மாற்றிக்கொள்ள நினைத்திருந்தவளைப் பாறை தடுத்துவிட்டது. இனி மெட்ராஸ் போய்ச் சேர்வதற்குள் வங்கி மூடிவிடும். மறுநாள் ஞாயிறு.

டாக்டரம்மா டெலிபோனில் விசாரித்தார். தருமபுரியில் எங்கேயும் மாற்ற முடியாது, சேலத்தில் ஒரு வங்கியில் மாற்றலாம், பன்னிரண்டு மணிக்குள் போக வேண்டும். பக்கத்து அறையில் யாரையோ பார்க்க வந்திருந்த ஒரு ஆள் இதைக் கேட்டுக்கொண்டே வந்தார்.

"எதுக்குங்க அவ்ளோ தூரம்? எங்கிட்ட குடுக்கச் சொல்லுங்க. பெங்களூர்ல நம்ம ஆளு இருக்காரு. நூத்துக்கு இருவது எனக்கு, மீதி கையில."

அந்தப் பெண் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். வங்கி ரசீது கிடைக்குமா? வெளிநாட்டுக்காரர்கள் விமான டிக்கெட்டுக்கு ரூபாயில் பணம் கட்டினால், அதை வங்கியில் மாற்றிய ரசீதையும் காட்ட வேண்டுமாம். அதனால்தான் எங்களில் யார் அவளுக்குக் கடன் கொடுத்தாலும் பயனில்லை. ரசீது என்றதும் அந்த ஆள் வந்த வழியே போய்விட்டார்.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். "நீ கூடப் போயிட்டு வா. இந்தக் கையோட தனியா வுட்டா திண்டாடிப் போயிடும்."

"நானுங்களா?" என்றேன். யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் ஓடினேன். பயமும் இருந்தது, குஷியும் இருந்தது.

சேலம் பஸ் தொப்பூர் கணவாய் வரை நன்றாகத்தான் போனது. அங்கே இன்ஜினிலிருந்து புகை கிளம்ப, எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். டிரைவர் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, அடுத்த பஸ்ஸைப் பிடிக்கச் சொன்னார். வந்த இரண்டு பஸ்ஸிலும் படிக்கட்டு வரை ஆள். நிற்காமலே போயின. அந்தப் பெண் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ, ரோட்டுக்கு நடுவில் போய் நின்று கையைக் காட்டினேன். மாரண்டஹள்ளியிலிருந்து தக்காளி ஏற்றி வந்த லாரி ஒன்று கிறீச்சென்று நின்றது.

"இன்னா சிஸ்டர், ஆக்சிடென்டா?" என் வெள்ளை உடுப்பைப் பார்த்துக் கேட்டார் டிரைவர்.

"இல்லீங்கண்ணா, பேங்க்குக்குப் போவணும். பன்னெண்டு மணிக்குள்ள!"

அவர் ஒரு கணம் விழித்தார். பிறகு சிரித்துவிட்டார். "ஏறுங்க. இந்தம்மா எந்த ஊரு?"

"டென்மார்க்."

"அது பெங்களூருக்கு அந்தாண்டையா?"

நான் அதை இங்கிலீஷில் சொன்னதும், காலையிலிருந்து அழுதுகொண்டிருந்தவள் விழுந்து விழுந்து சிரித்தாள். லாரி பறந்தது. ஒவ்வொரு வளைவிலும் அவள் கட்டுப்போட்ட கையை நான் மடியில் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். சேலத்தில் வங்கி இருந்த தெருவுக்குள் லாரி நுழையக் கூடாது என்று எங்களை முனையில் இறக்கிவிட்டு, "ஓடுங்க, ஓடுங்க!" என்று கத்தினார் அண்ணன். ஓடினோம். காவலாளி இரும்புக் கதவை இழுத்துக்கொண்டிருந்தார். இடுக்கில் நான் முதலில் புகுந்து, அவளையும் இழுத்துக்கொண்டேன்.

உள்ளே இருந்த அதிகாரி நல்ல மனிதர். பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்தார், செக்குகளைப் பார்த்தார், பிறகு கட்டுப்போட்ட கையைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"கையெழுத்து எப்படிம்மா போடுவாங்க? மாறிச்சுன்னா நான் பணம் குடுக்க முடியாதுங்களே."

அவள் கட்டுக்கு வெளியே நீண்ட விரல்களில் பேனாவைப் பிடித்து ஒரு வெற்றுத் தாளில் எழுதிக் காட்டினாள். கோழி கிளறிய மாதிரி இருந்தது. அதிகாரி தலையை ஆட்டினார். இடது கையால் எழுதினால் அது வேறு ஆளின் கையெழுத்து.

அவளிடம் சின்னத் தொகைக்கு ஒரு கத்தைச் செக்கும், பெரிய தொகைக்கு ஒன்றும் இருந்தன. அவள் கத்தையை எடுக்கப் போனபோது அதிகாரி தடுத்தார். "சின்னதை மாத்தினா ஒவ்வொண்ணுக்கும் கமிஷன் புடிப்போம். பெருசு ஒண்ணே டிக்கெட்டுக்குப் போதும். ஒரே கமிஷன், ஒரே கையெழுத்து. ஆனா அது கெட்டுப்போச்சுன்னா..." அந்தக் கத்தை முழுக்கக் கையெழுத்துப் போட அந்தக் கையால் ஆகாது என்பது எங்கள் மூவருக்குமே தெரிந்தது.

அப்போதுதான் எனக்குத் தோன்றியது. கட்டை அவிழ்த்தால்? டாக்டரம்மாவின் முகம் கண்முன் வந்தது. இருந்தாலும் முறிவு இல்லை, வெறும் சுளுக்கு. அவளிடம் கேட்டேன். ரொம்ப வலிக்கும் என்றேன். அவள் யோசிக்கவே இல்லை, கையை என் முன்னால் நீட்டிவிட்டாள்.

காவலாளியிடம் கெஞ்சி வெளியே போய், எதிரே இருந்த சர்பத் கடையில் ஐஸ் கேட்டேன். கடைக்காரர் மரத்தூளைத் தட்டிவிட்டு ஒரு பெரிய துண்டை உடைத்துக் கொடுத்தார். உள்ளே வந்து கட்டைப் பிரித்து, பலகையை எடுத்துவிட்டு, கைக்குட்டையில் ஐஸைச் சுற்றி மணிக்கட்டில் ஒற்றிக்கொண்டே இருந்தேன். கை மரத்துப் போனதும் அவள் முழங்கையை மேசைமேல் வைத்து, மணிக்கட்டுக்கு அடியில் என் இரண்டு உள்ளங்கைகளையும் கொடுத்துத் தாங்கினேன். வீட்டுக்குக் கிளம்பியிருந்த ஊழியர்கள் எல்லோரும் சுற்றி நின்றுவிட்டார்கள்.

வெற்றுத் தாளில் ஒருமுறை போட்டாள். பரவாயில்லை. இன்னொரு முறை. இன்னும் நன்றாக வந்தது. செக்கை முன்னால் வைத்தார் அதிகாரி. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு, பேனாவை எடுக்காமல், ஒரே இழுப்பில் எழுதினாள். என் உள்ளங்கையில் அவள் நாடி துடிப்பது தெரிந்தது.

அதிகாரி பூதக்கண்ணாடியை எடுத்தார். மேலே பார்த்தார், கீழே பார்த்தார், பாஸ்போர்ட்டைப் பார்த்தார். மறுபடி மேலே.

"சேருதுங்க!" என்றார். "அச்சு அசலா சேருது!"

கைதட்டினார்கள்! வங்கியில் கைதட்டல் கேட்டது என் வாழ்நாளில் அந்த ஒரு முறைதான். அந்தப் பெண் என்னைக் கட்டிப்பிடித்து, அத்தனை பேர் முன்னாலும் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டாள். எனக்கு வெட்கம் தாங்கவில்லை. கேஷியர் ரூபாயையும் ரசீதையும் இரு கைகளாலும் எடுத்துக் கொடுத்தார். அங்கேயே நாற்காலியில் உட்காரவைத்து, முன்பைவிட நன்றாகக் கட்டுப்போட்டுவிட்டேன்.

ஜங்ஷனில் மெட்ராஸ் ரயிலுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்து, பெண்கள் காத்திருக்கும் அறையில் ஒரு குடும்பத்தோடு சேர்த்துவிட்டு, நான் தனியாகத் தருமபுரி பஸ் ஏறினேன். ஜன்னலோரம். கணவாயில் பஸ் ஏறும்போது எனக்குச் சிரிப்பு சிரிப்பாக வந்தது. பக்கத்தில் இருந்த அம்மா, "என்ன கண்ணு, நல்ல சேதியா?" என்றார். "ஆமாங்க, எங்க வூட்ல கல்யாணம்" என்று சொல்லிவிட்டேன்.

டாக்டரம்மா கட்டை அவிழ்த்ததற்காகத் திட்டினார். பிறகு முழுக் கதையையும் இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். சில மாதம் கழித்து மருத்துவமனைக்கு ஒரு போட்டோ வந்தது. மணப்பெண்ணுக்குப் பக்கத்தில் அவள், இரண்டு கைகளையும் மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறாள்.

தைரியம் என்பது சிலருக்குப் பிறவியிலேயே வாய்ப்பது என்று அதுவரை நினைத்திருந்தேன். இன்னொருவரின் அவசரத்தை நம்முடையதாக எடுத்துக்கொண்டால் அது யாருக்கும் வரும் என்று அன்று தெரிந்துகொண்டதை, இத்தனை வருடம் ஆகியும் நம்பித்தான் வாழ்ந்துகொண்டிருக்கிறேன்.