மூச்சுக்கூட விழும் மைக்

கல்யாணமான புதிதில் எங்களிடம் ஒரே ஒரு பழைய கீபோர்டு இருந்தது. அதில் மூன்று கட்டைகள் பேசாது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் அதை மடியில் வைத்து வாசிப்பேன். என் மனைவி தோசை ஊற்றியபடியே பாடுவாள். பேசாத கட்டை வருகிற இடத்தைக் குரலாலேயே நிரப்பிவிடுவாள். "இன்னொரு பாட்டுப் படி தாயி" என்று பக்கத்து வீட்டு மதுரைக்கார அக்கா சுவருக்கு அந்தப்புறமிருந்து கேட்பார். எனக்கு அந்தச் சந்தோஷம் போதவில்லை.

அப்போது நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விட்டுப்போன தையல், எண்ணெய்க் கறை, ஊசி ஓட்டை என்று எது கண்ணில் பட்டாலும் அந்த இடத்தில் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். நாளெல்லாம் குறை தேடுகிறவனுக்கு வீட்டுக் கீபோர்டு மட்டும் நல்லதாகவா தெரியும்? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். தீபாவளி போனஸ் வந்ததும் புதிது வாங்கினேன். அடுத்த போனஸில் அவள் பாட்டைப் பதிவு செய்யக் கோயம்புத்தூர் போய் ஒரு மைக். "மூச்சு விட்டாக்கூட விழுமுங்க சார்" என்றார் கடைக்காரர். அதைப் பொருத்த ஒரு ரெக்கார்டிங் பெட்டி, பெட்டியைப் பொருத்த ஒரு கம்ப்யூட்டர். ஆனை வாங்கியவன் அங்குசத்துக்கு அழலாமா? ஃப்ரிட்ஜுக்கு என்று அவள் சேர்த்த பணமும் அதோடு போயிற்று.

"என்ற பாட்டைப் புடிக்கத்தானுங்களே" என்று அவள் சிரித்தாள்.

மைக்கில் மூச்சு மட்டுமா விழுந்தது? அக்கா வீட்டு மிக்ஸி, தெருவில் போகிற டெம்போ எல்லாமே விழுந்தது. கம்பெனியில் கழித்த துணியை மூட்டையாகக் கொண்டுவந்து, வெளிச்சத்தம் வராமலிருக்கச் சுவரெங்கும் ஆணியடித்து மாட்டினேன். மின்விசிறியையும் நிறுத்திவிட்டு, அந்தப் புழுக்கத்தில் அவளை நிற்கவைத்துப் பாடச் சொன்னேன்.

"இங்க சுதி எறங்குது. இன்னொருக்கா."

பாடினாள்.

"மூச்சு கேக்குது. இன்னொருக்கா."

முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பாடினாள். எத்தனை தடவை என்று நினைவில்லை. கடைசியில் பாதிப் பாட்டில் நிறுத்தினாள்.

"ஏனுங்க, நானென்ன உங்க கம்பெனி பீஸுங்களா?"

கோபமாகக்கூடக் கேட்கவில்லை. மின்விசிறியைப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். கோபம் எனக்குத்தான். அவள் பாடியதை ஒன்று விடாமல் அன்றைக்கே அழித்தேன். குறையுள்ள சரக்கைக் கையில் வைத்துக்கொள்ளாத பெரிய நிபுணன் அல்லவா! மடையன்.

அதன்பிறகு அவள் என் எதிரில் பாடவே இல்லை. மைக்கைக் கிடைத்த விலைக்குத் தள்ளினேன். கெஞ்சிப் பார்த்தேன். "தொண்டை சரியில்லீங்க" என்பாள்.

மகள் பிறந்த பிறகு ஒரு நாள், வண்டியில் பெட்ரோல் தீர்ந்து தள்ளிக்கொண்டு வந்தேன். உள்ளே அவள் பிள்ளைக்குப் பாடிக்கொண்டிருந்தாள். சுதி இறங்கியது. மூச்சும் கேட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கதவைத் திறந்தேன், பாட்டு நின்றுவிட்டது.

மறுநாளிலிருந்து தெருமுனையிலேயே வண்டியை அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு வர ஆரம்பித்தேன். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலில் நிற்பேன். பாட்டு முடிந்த பிறகுதான் கதவைத் தட்டுவேன்.

"வண்டிச் சத்தமே கேக்கலீங்களே?" என்பாள்.

"பெட்ரோல் தீந்துபோச்சு" என்பேன்.

தினமுமா தீரும் என்று அவள் ஒரு நாளும் கேட்டதில்லை.