ஒரு மணி நேரம் முன்னதாக

என் அக்கா வீட்டில் யாரும் நிம்மதியாகத் தண்ணீர் குடிக்க முடியாது. அக்கா புருஷன் டம்ளரை வாங்கி நகத்தால் சுண்டி, காதருகே வைத்து விரிசல் கேட்கிறதா என்று பார்ப்பார். எவர்சில்வரில் என்ன விரிசல் மச்சான் என்று நானும் கத்தி ஓய்ந்துவிட்டேன். மனுஷன் காதில் ஏறினால்தானே!

மூன்று வருஷமாக இதே கூத்து. காற்றை முழுக்க உறிஞ்சிவிட்ட வாக்குவம் உலையில், டூல் ஸ்டீல் தண்டின் நுனியில், இரும்பைச் சீவும் கார்பைடு முனையைப் பற்றவைப்பது எங்கள் பட்டறையில் அவர் வேலை. நடுவில் வைத்த செம்புத் தகடு உருகி இரண்டையும் பிடித்துக்கொள்ளும். சூட்டில் ஸ்டீல் நிறைய விரியும், கார்பைடு கொஞ்சம்தான். ஆறவைப்பதில் அவசரப்பட்டால் கார்பைடுக்குள் முடி மாதிரி விரிசல் விழும், வெளியே தெரியாது. மூன்று வருஷத்துக்கு முன் ஒரு நாள் அக்காவை ஆறு மணி சினிமாவுக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தார். உலையை ஆறவைக்கும் கேஸை ஒரு மணி நேரம் முன்னதாகவே திறந்துவிட்டார்.

அடுத்த வாரம் அன்று பற்றவைத்ததில் ஒரு முனை தெறித்து, அதை வைத்து ஓட்டிய லேத்காரரின் வலது கண் போயிற்று. அதே பட்டறையில் தரம் பார்ப்பவன் நான். மச்சான் என்னிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதார். தெரிந்தேதான் நான் விசாரணை அறிக்கையில், லேத்தை வேகம் கூட்டி ஓட்டியதே காரணம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அக்கா நடுத்தெருவில் நிற்கக் கூடாதே.

அன்றிலிருந்து லேத்காரரிடம் சொல்லிவிடுகிறேன் என்று மச்சான் துடிப்பார். நான் விடவில்லை.

"வாயத் திறந்தீங்கன்னா ரெண்டு பேர் வேலையும் போச்சு."

போன ஞாயிற்றுக்கிழமை அவர் என்னிடம் சொல்லாமல் லேத்காரர் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். தடுக்கலாம் என்று பின்னாலேயே ஓடினேன். நான் வாசலை அடைவதற்குள், மச்சான் லேத்காரருக்கு எதிரே உட்கார்ந்து தன் தப்பைக் கொட்டிவிட்டிருந்தார். அடி விழும் என்று நினைத்தேன். விழுந்திருந்தால் தேவலை.

"அப்போ நான் வேகத்தக் கூட்டலையா?" என்று கேட்டார் லேத்காரர்.

இல்லை என்றார் மச்சான்.

லேத்காரர் அடுக்களைப் பக்கம் திரும்பி மனைவியைக் கூப்பிட்டார். "நான் கூட்டலையாம். கேட்டியா?" சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. பாவி மனுஷன், மூன்று வருஷமாகத் தன்னையே திட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

"அறிக்கையில அப்படி எழுதினது யாரு?" என்று அந்த அம்மா கேட்டார்.

மச்சான் தலையைக் குனிந்துகொண்டார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.