மாடி போன்

லப்பைக்குடிக்காட்டில் எங்கள் ஜவுளிக்கடைக்கு மேல்தான் வீடு. இரண்டுக்கும் சேர்த்து வெளி லைன் ஒன்றே ஒன்று. கடைச் சுவரில் மாட்டியிருந்த பெட்டி அதைக் கல்லா, குடோன், மாடி என்று மூன்று போன்களுக்குப் பிரித்துக் கொடுத்தது. கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் பெரியத்தா; என் அத்தாவுக்கு அண்ணன், அம்மாவுக்கு மச்சான். துபாயிலிருந்து அத்தா வெள்ளிக்கிழமைதோறும் கூப்பிடும்போது அவர்தான் முதலில் எடுப்பார். ஆசை தீரப் பேசிவிட்டு, மனது வைத்தால் மாடிக்குத் தள்ளிவிடுவார்.

ஒரு வெள்ளிக்கிழமை நான் அத்தாவிடம், துபாயிலும் துணி கிழிக்கிறார்களா என்று கேட்டேன். காதில் விழுந்ததைத்தானே கேட்க முடியும்? அம்மா ரிசீவரைப் பிடுங்கித் தன் காதில் வைத்தாள். சர்ரென்று எங்கள் கடைத் துணி கிழிந்துகொண்டிருந்தது. பெரியத்தா போனை வைக்கவே இல்லை. இத்தனை நாளும் எங்கள் பேச்சை உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அம்மா அத்தோடு போனை வைத்துவிட்டாள்.

அந்த வாரமே இடி விழுந்து பெட்டி செத்தது. பெரம்பலூரிலிருந்து மெக்கானிக் வந்தார். உள்ளே குடியிருந்த எறும்புகளை பிரஷ்ஷால் தட்டிவிட்டு, கருகிய கார்டை மாற்றினார். பழைய செட்டிங் எல்லாம் அழிந்துபோயிருந்தது. மாடியில் பேசுவது முன்பு மாதிரியே கல்லாவில் கேட்க வேண்டுமா என்று, அவர் பாட்டுக்குப் பெரியத்தாவைக் கேட்டார்.

வியாபார நேரத்தில் எங்கள் வீட்டுப் பெண்கள் கடைக்குள் கால் வைக்கும் வழக்கமில்லை. படிக்கட்டிலேயே காத்திருந்த அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு விறுவிறுவென்று உள்ளே போனாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

"கேக்க வேணாம். அத எடுத்துடுங்க" என்றாள் மெக்கானிக்கிடம்.

பெரியத்தா கடையிலிருந்தவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "மறைச்சுப் பேச அப்புடி என்னம்மா இருக்கு?" என்றார்.

"இருக்கோ இல்லையோ, அது எங்க ரெண்டு பேருக்குள்ள மச்சான். முடியாதுன்னா மாடி போனையும் கழட்டிக்கிங்க. பஸ் ஸ்டாண்டு பூத்துக்கு அவங்கள கூப்பிடச் சொல்லிக்கிறேன். அங்க நின்னு பேசுறேன், ஊரே கேக்கட்டும்."

சேலைகளைப் புரட்டிக்கொண்டிருந்த கைகளெல்லாம் நின்றன. ஊர் வாய்க்குப் பயந்த மனிதர் பெரியத்தா. எடுத்துவிடும்படி மெக்கானிக்கைப் பார்த்துத் தலையசைத்தார். எனக்கு அம்மாவைத் தூக்கிக்கொண்டு ஆட வேண்டும் போலிருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை போன் மாடிக்கு வந்ததும் நான் கடைக்கு ஓடினேன். பெரியத்தா ரிசீவரை ஒருமுறை காதில் வைத்துப் பார்த்துவிட்டு டொக்கென்று வைத்தார். மாடியில் பேசுகிறார்கள் என்று காட்டும் சிவப்பு விளக்கு மட்டும் கல்லா போனில் எரிந்துகொண்டிருந்தது. இத்தனை சண்டை போட்டு வாங்கிய ரகசியத்தைக் கேட்க ஒரே மூச்சில் மாடிக்குத் திரும்பி ஓடினேன்.

அம்மா கத்திரிக்காய் புழுத்துக் கிடப்பதைச் சொன்னாள். என் சளியைச் சொன்னாள். போன மாதம் சொன்ன அதே கதைகள். எனக்குச் சப்பென்று போய்விட்டது.

அவள் போனை வைத்ததும், "இதுக்காம்மா சண்டை போட்டே?" என்று கேட்டேன்.

"ஆமா. இதுக்குத்தான்" என்றாள், நிமிர்ந்து உட்கார்ந்து.

அது எனக்குப் பதிலாகவே தோன்றவில்லை. உள்ளே பெரிதாக ஏதாவது இருந்தால்தான் கதவைச் சாத்துவார்கள் என்று, பெரியத்தாவைப் போலவே நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.